பெயரில்லாக் கணக்கு: தகவல் அறியும் உரிமையும் அரசின் பதில் சொல்லும் கடமையும்

1. கேள்வி

ஒரு சட்டத்தை நீக்காமலேயே அது தந்த உரிமையை நீக்கிவிட முடியுமா? 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, முப்பது நாளில் பதில், அது கிடைக்காவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம் என்ற படிகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் வழியாகத் தகவல் சட்டத்தின் ஒரே ஓர் உட்பிரிவைத் திருத்தி எழுதியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நீண்டிருந்த அந்த உட்பிரிவு இப்போது சில சொற்களில் முடிந்துவிடுகிறது: தனிநபர் தொடர்பான தகவலைத் தர வேண்டியதில்லை.

இக்கட்டுரை அந்த ஓர் உட்பிரிவைப் பற்றியது. அதன் வழியாக, குடிமக்களுக்கு அரசு பதில் சொல்லும் கடமையைப் பற்றியது. தகவல் சட்டம் நமக்குத் திறந்துவிட்டவற்றுள் ஆகப் பெரியது பெயர்கள்தாம் என்பது என் வாதம். யார் கையெழுத்திட்டார், யாருக்குப் பணம் போனது, யாருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, யார் பெயரில் கூலி எழுதப்பட்டது என்பவை பெயர்களாக வெளிவந்தபோதுதான் அரசு பதில் சொல்ல நேர்ந்தது. தொகைகளை வெளியிட எந்த ஆட்சியும் பெரிதாகத் தயங்குவதில்லை. பெயர்களைத்தான் எல்லா ஆட்சிகளும் மறைக்க முயன்றுவந்திருக்கின்றன.

2. நடப்பில் உள்ள விளக்கங்கள்

தகவல் சட்டம் தளர்ந்துவருவதற்குப் பொதுவெளியில் மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது நிர்வாகத் தரப்பின் விளக்கம். மனுக்கள் பெருகிவிட்டன, அலுவலர்களால் வேறு வேலை பார்க்க முடியவில்லை என்பது அது. 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இக்கவலைக்கு இடம் தந்தது. அரசு ஊழியர்களில் முக்கால் பங்கினர் தம் நேரத்தில் முக்கால் பங்கைத் தகவல் திரட்டுவதிலேயே கழிக்கும் நிலை வரக் கூடாது என்ற பொருளில் அது எழுதியது. ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் தன் முடிவுகள், செலவுகள், பயனாளிகள், அலுவலர்களின் ஊதியம் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்கிறது. அதை முறையாகச் செய்திருந்தால் மனுக்களில் பெரும்பகுதிக்குத் தேவையே எழுந்திராது. கடமையைச் செய்யாததால் வந்த சுமையை உரிமையின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

இரண்டாவது சட்டத் துறையினரின் விளக்கம். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. எனவே அறியும் உரிமைக்கும் தனியுரிமைக்கும் இடையே புதிய சமநிலை தேவைப்படுகிறது என்பார்கள். இதில் உண்மை உண்டு. பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது, என்னைப் போன்ற முற்போக்கு அரசியல் சார்புள்ளவர்கள் அதிகம் சொல்வது: இது இன்றைய ஒன்றிய ஆட்சியின் குணம். 2014க்குப் பிறகு இந்தப் போக்கு வேகம் பெற்றதற்குச் சான்றுகள் ஏராளம். ஆயினும் இந்த விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது. கோப்புகளில் அலுவலர்கள் எழுதும் குறிப்புகளைச் சட்டத்திலிருந்து விலக்க 2006இலேயே முயன்றது, அச்சட்டத்தைக் கொண்டுவந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுதான். எதிர்ப்பு வலுத்ததால் அது கைவிடப்பட்டது. 2011இல் சிபிஐக்கு விலக்கு அளித்ததும் அதே அரசு. இந்தியாவிலேயே முதன்முதலாக 1997இல் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. ஆனால் விதிவிலக்குகளின் நீளத்தில் உரிமை தேய்ந்துபோன சட்டம் அது. 2008இல் இங்கே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஊழலை விசாரிக்கும் துறையைக் குடிமக்களின் கேள்விகளிலிருந்து விலக்கிவைத்த அந்த ஆணையை, அன்று ஒன்றிய அரசை விமர்சித்தவர்களில் எத்தனை பேர் எதிர்த்தோம்?

3. பெயர் வாசிக்கப்பட்ட இடங்கள்

தகவல் உரிமையின் வரலாற்றை நீதிமன்றத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி கே.கே. மேத்யூ, அரசின் பொதுச் செயல் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். முக்கியமான தீர்ப்புதான். ஆனால் உரிமைக்கு உருவம் கொடுத்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். ராஜ்சமந்து மாவட்டத்தின் தேவ்டுங்ரி கிராமத்தில் வாழ்ந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் உள்ளூர் மக்களோடு சேர்ந்து 1990 மே முதல் நாளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலைகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடக் கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், பதிவேட்டின்படி நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை என்றார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம். 1923இல் வெள்ளையர் இயற்றிய அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல், கிராமத்துக் குளம் வெட்டும் வேலையின் கூலிக் கணக்கு வரை நீண்டிருந்தது.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. முறைசாரா வழிகளில் கிடைத்த செலவுக் கணக்குகளையும் மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேடுகளையும் ஊர் கூடியிருந்த இடத்தில் உரக்க வாசித்தார்கள். தொடர்ந்து பிம், விஜய்புரா, ஜவாஜா என்று பல ஊர்களில் இத்தகைய விசாரணைகள் நடந்தன. வாசிக்க வாசிக்கச் சங்கதி வெளிவந்தது. இறந்துபோனவர்கள் வேலை செய்து கூலி வாங்கியிருந்தார்கள். ஊரை விட்டு எப்போதோ போய்விட்டவர்களின் பெயரில் கைநாட்டு இருந்தது. கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முழுத்தொகையும் எழுதப்பட்டிருந்தது.

இந்த முறையின் வலிமை எதில் இருந்தது என்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு வேலைக்கு இத்தனை ஆள், இத்தனை நாள், இவ்வளவு தொகை என்று மட்டும் வாசித்திருந்தால் கூட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. மொத்தத் தொகையைப் பொய் என்று சொல்ல எந்தக் குடிமகனிடமும் சான்று கிடையாது. ஆனால் ஒரு பெயர் வாசிக்கப்பட்டதும், ‘அவர் என் மாமனார், செத்து எட்டு வருசமாகிறது’ என்று சொல்ல ஒரு பெண்ணால் முடியும். தணிக்கையாளர் படிப்போ சட்ட அறிவோ அதற்குத் தேவையில்லை; ஊரை அறிந்திருந்தாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் தணிக்கையாளர்களாக்கியது பதிவேட்டிலிருந்த பெயர்தான்.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கி நாற்பது நாள் நடந்த தர்ணா, எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற முழக்கத்தை நாடறியச் செய்தது. அதன் தொடர்ச்சியில் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சார இயக்கம் உருவாயிற்று. ராஜஸ்தான், கர்நாடகம், டெல்லி, மகாராஷ்டிரம் எனப் பல மாநிலங்களில் சட்டங்கள் வந்தன. 2002இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வராமல் கிடந்தது. கடைசியில் 2005இன் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் மக்கள் நூறு நாள் வேலை என்று அழைத்தது, தன் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கிராம சபையில் மஸ்டர் ரோல் வாசிக்கப்பட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு, கோட் கிரானாவில் நடந்ததன் சட்ட வடிவம்.

4. திருத்தி எழுதப்பட்ட உட்பிரிவு

பழைய 8(1)(ஜே) பிரிவு தனியுரிமையைக் கண்டுகொள்ளாத பிரிவு அன்று. பொதுப் பணியோடோ பொதுநலனோடோ தொடர்பில்லாத தனிநபர் தகவலையும், ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலையும் மறுக்க அது இடம் தந்தது. அவற்றையும்கூட, பெரும் பொதுநலன் இருப்பதாக அலுவலர் கருதினால் வெளியிடலாம். கூடவே ஒரு காப்புரை இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. சட்டத்தின் 10ஆம் பிரிவு, வெளியிடக் கூடாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வழிசெய்தது. வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டுப் பெயரையும் தொகையையும் தருவதற்கு இது போதும். 11ஆம் பிரிவு, மூன்றாம் நபரின் ஆட்சேபத்தைக் கேட்கச் சொன்னது. புட்டசாமி தீர்ப்பு கோரிய சமநிலையின் கூறுகள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே இச்சட்டத்தில் இருந்தன.

நீதிமன்றம் இதை ஒரு முறை சுருக்கியதும் உண்மை. 2012இல் கிரிஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியரின் சொத்து விவரமும் துறை நடவடிக்கைகளும் தனிநபர் தகவல் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு பல அலுவலகங்கள் இத்தீர்ப்பின் பெயரைச் சொல்லியே மனுக்களைத் திருப்பின. ஆனாலும் பொதுநலன் என்ற வாசல் அந்த உட்பிரிவுக்குள்ளேயே திறந்திருந்தது, வாதாட இடமிருந்தது.

2023இன் திருத்தம் இந்தச் சோதனைகளையும் காப்புரையையும் ஒருசேர எடுத்துவிட்டது. அரசின் மறுமொழி, 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்பது. பாதிப்பைவிடப் பொதுநலன் மிகுந்திருந்தால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது அப்பிரிவு. இந்த மறுமொழியை எளிதில் ஒதுக்கக் கூடாது. 8(2) உண்மையிலேயே வலுவான பிரிவுதான். சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. எதற்காகத் தகவல் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் கேட்கவே கூடாது என்கிறது 6(2) பிரிவு. இந்தச் சட்டத்தின் துணிச்சலான பகுதி அது. குடிமகன் என்ற தகுதி ஒன்றே போதும் என்று அது சொன்னது. இனிமேல் ஒரு பெயர் வேண்டுமானால், பொதுநலன் எது, அது பாதிப்பைவிட எப்படிப் பெரியது என்று மனுதாரர்தான் முன்வந்து விளக்க வேண்டியிருக்கும். காரணம் சொல்லத் தேவையில்லாத உரிமை, காரணம் காட்டிக் கேட்கும் விண்ணப்பமாக மாறுகிறது.

எடை போடுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ பொதுத் தகவல் அலுவலராக நியமிக்கப்பட்ட ஒருவர். தகவலைத் தவறாக மறுத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் அவருக்கு அபராதம். அதை ஆணையங்கள் அரிதாகவே விதிக்கின்றன. மறுபுறம், தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிமீறலின் தன்மையைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. அவர் மறுப்பதையே தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முந்தைய வரைவுகளில் இதழியலுக்கு இருந்த விலக்கும் இறுதி வடிவத்தில் இல்லை. ஊர் ஊராகப் போய் மஸ்டர் ரோல்களைக் கணினியில் ஏற்றி ஒப்பிடும் ஒரு சிறு அமைப்பும், தரவைக் கையாளும் நிறுவனமாகக் கருதப்பட்டு இந்தக் கடப்பாடுகளுக்குள் வர வாய்ப்பிருக்கிறது.

5. நன்கொடை கொடுத்தவர் பெயர்

பெயரை மறைக்கும் இதே தர்க்கத்தின் மிகப் பெரிய வடிவம், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கான தேர்தல் பத்திரத் திட்டம். 2017இன் நிதிச் சட்டம் வழியாக நுழைந்து, 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் தொகை வெளிப்படை, பெயர் ரகசியம். நிறுவனங்கள் தம் லாபத்தில் ஏழரை விழுக்காட்டுக்கு மேல் நன்கொடை தரக் கூடாது என்ற வரம்பும் அப்போதே நீக்கப்பட்டது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. பத்திரத்தை விற்ற அரசுடைமை வங்கிக்குத் தெரியும். இத்திட்டத்துக்கு ரிசர்வ் வங்கியே ஆட்சேபம் தெரிவித்திருந்த செய்தி வெளிவந்ததும் தகவல் சட்டத்தின் வழியாகத்தான்.

நீதிமன்றத்தில் அரசு முன்வைத்த வாதங்களில் ஒன்று நன்கொடையாளரின் தனியுரிமை. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தபோது அந்த வாதத்தை விரிவாகவே பரிசீலித்தார்கள். அரசியல் சார்பை வெளியே சொல்லாதிருக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த உரிமை, அரசின் கொள்கையை வளைப்பதற்காகக் கொடுக்கப்படும் பணத்துக்குப் போர்வையாகாது என்றும் சொன்னார்கள். இரண்டு அடிப்படை உரிமைகள் மோதும்போது இரண்டையும் தனித்தனியே எடை போட வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை முற்றாக மூடும் வழி, இருக்கும் வழிகளில் குறைந்த பாதிப்பைத் தருவதுதானா என்று பார்க்க வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் முறை. 44(3) பிரிவை இந்த அளவுகோலில் வைத்தால் அது தேறாது என்பது என் முடிவு. தகவலைப் பகுதியாக மறைத்துத் தரும் வழி ஏற்கெனவே இருக்க, முழுக்க மறுக்கும் வழியைத் தேர்ந்ததற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

நன்கொடையாளர் பட்டியல் வெளிவந்தபோது நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. கால அவகாசம் கேட்ட வங்கியின் மனுவை நீதிமன்றம் தள்ளியது. 2024 மார்ச்சில் பெயர்களும், பிறகு பத்திர எண்களும் வெளியாயின. அதிகப் பணம் பெற்ற கட்சி பாரதிய ஜனதா. அதிகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. அதில் 509 கோடி திமுகவுக்குச் சென்றதாக அக்கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ள மாநிலம் நம்முடையது. கொடுத்ததும் பெற்றதும் அன்றைய சட்டத்துக்கு உட்பட்டவைதாம். ஆனால் வாக்காளர் இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுப் போட்டிருக்க வேண்டுமா, இல்லையா? எந்தக் கட்சி ஆதரவாளரும் தன் மனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

6. காலி நாற்காலிகளும் இல்லாத பதிவுகளும்

ஆணையங்களின் நிலையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இது பலரும் எழுதியது. 2019இன் திருத்தம் ஆணையர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் சட்டத்திலிருந்து எடுத்து ஒன்றிய அரசின் விதிகளுக்கு மாற்றியது. பதவிக்காலம் மூன்றாண்டாகச் சுருங்கியது. காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்ப வேண்டும் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகும், ஜார்கண்ட் ஆணையம் 2020 மே முதல் ஆண்டுக்கணக்கில் செயலற்றுக் கிடந்தது. நாடு முழுதும் ஆணையங்களில் தேங்கிய மேல்முறையீடுகள் 4 இலட்சத்தைத் தாண்டின. முப்பது நாளில் கிடைக்க வேண்டியது மூன்று வருடம் கழித்துக் கிடைத்தால், கேட்டவரின் ஊரில் அதற்குள் தேர்தல் முடிந்து தலைவரும் மாறியிருப்பார்.

இதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. பெயர் பதிவே ஆகாவிட்டால் மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு எதுவும் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதிலளித்தது. கேள்வி நேரமே நீக்கப்பட்டு, எழுத்துவழிப் பதிலுக்கு மட்டும் இடமிருந்த கூட்டத்தொடர் அது. 2021 ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் பதில் வந்தது. அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் மருத்துவமனை வாசல்களில் உருளைக்காகக் காத்திருந்தவர்களின் குடும்பங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. கணக்கெடுக்கப்படாத சாவுக்கு இழப்பீடு இல்லை, விசாரணை இல்லை, பொறுப்பாளி இல்லை. இதை எழுதும்போது கோபம் வராமல் இருக்க என்னால் முடியவில்லை. வரவேண்டிய கோபம்தான் அது.

7. யாருடைய தனியுரிமை

முற்போக்காளர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ஆதாருக்கு எதிராகத் தனியுரிமையை உயர்த்திப் பிடித்தவர்கள் நாம். இப்போது அதே சொல்லைக் கொண்டு அரசு கதவைச் சாத்தும்போது, தனியுரிமையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. ஏழைகளின் விவரங்கள் இங்கே எவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்பது கண்கூடு. கொரோனாக் காலத்தில் நோயாளியின் வீட்டு வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். உரிய ஆணை இன்றி அப்படிச் செய்யக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நலத்திட்டப் பயனாளிகளின் சாதி, கைபேசி எண், கணக்கு விவரம் எல்லாம் இணையத்தில் கொட்டிக்கிடந்ததைப் பெண்கள் அமைப்புகளும் தலித் அமைப்புகளும் கண்டித்திருக்கின்றன. அந்தக் கண்டனம் நியாயமானது.

வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு. அதிகாரத்தைச் செலுத்தும் இடத்திலும் பொதுப்பணம் கைமாறும் இடத்திலும் பெயர் பொதுச்சொத்து. உடலும் நோயும் நம்பிக்கையும் குடும்பமும் சார்ந்த இடத்தில் அது அவரவருடையது. கூலி வாங்கியவரின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் ஒரே பட்டியலில் வரலாம். கூலி வாங்கியவரின் கணக்கு எண் வரத் தேவையில்லை. பழைய உட்பிரிவும் 10ஆம் பிரிவும் சேர்ந்து செய்தது இதைத்தான். புதிய உட்பிரிவில் ஒப்பந்தக்காரரும் கூலிக்காரரும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள். மறைவதால் பயன் பெறப்போவது ஒருவர் மட்டும். கொரோனா நிவாரணத்துக்கென்று திரட்டப்பட்ட பிஎம் கேர்ஸ் நிதியைக் கவனியுங்கள். பிரதமர் தலைவர், மூன்று மூத்த அமைச்சர்கள் அறங்காவலர்கள், அரசுச் சின்னம், அரசு இணைய முகவரி. அது பொது அதிகார அமைப்பு அன்று, தகவல் சட்டத்துக்குள் வராது என்பது டெல்லி உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பின் நிலைப்பாடு. கிராமத்துப் பெண்ணின் பெயர் அட்டையோடு அட்டையாக அரசிடம் இருக்கிறது. அரசின் பெயரால் திரட்டப்பட்ட பணத்தின் கணக்கு அந்தப் பெண்ணுக்கு இல்லை.

8. எதிர்க்கட்சிகளிடம் ஒரு கோரிக்கை

44(3) பிரிவை நீக்க வேண்டும், பழைய உட்பிரிவை அதன் காப்புரையோடு மீட்க வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் 2025இல் கையெழுத்திட்டுக் கோரினார்கள். சரியான கோரிக்கை, என் ஆதரவும் உண்டு. அதோடு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம், காங்கிரஸ், பாஜக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய ஆறும் தகவல் சட்டத்துக்கு உட்பட்ட பொது அமைப்புகள் என்று தீர்ப்பளித்தது. கட்சிகள் அதை நிறைவேற்றவில்லை. அடுத்த சில மாதங்களிலேயே கட்சிகளுக்கு விலக்கு அளிக்கும் திருத்த மசோதா வந்தது; நிலைக்குழுவுக்குப் போய்க் காலாவதியானது. தேர்தல் பத்திரங்களை வாங்க மறுத்து, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்ற மார்க்சிஸ்ட் கட்சியும் 2013இன் தீர்ப்பை எதிர்த்தது. உள்கட்சி விவாதங்கள் வெளியே போகும் என்ற அவர்களின் அச்சம் பொருளற்றது அன்று. ஆனால் வரவு செலவுக்கும் நன்கொடையாளர் பட்டியலுக்கும் அந்த அச்சம் பொருந்தாது.

புதிய சட்டத்துக்கும் நாடாளுமன்றப் பெரும்பான்மைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று இது. ஒரு பொதுத் தகவல் அலுவலரை நியமித்து, இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழே பிரித்துக் காட்டப்படும் நன்கொடைகள் உட்பட எல்லா வரவையும் கொடுத்தவர் பெயரோடு எந்தக் கட்சி வேண்டுமானாலும் நாளையே வெளியிடலாம். நான் ஓட்டுப் போடும் கட்சி அதை முதலில் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.